ஓஸ்லா ஊதாச் சால்வை பின்னிய கோடை

ஓஸ்லாவை ராட்சசி என்று சொன்ன வாய்கள், வடகடலில் கிடக்கும் எங்கள் அன்ஸ்ட் தீவில் நிறைய உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய்களில் பாதிக்குக் கீழே, அவள் பின்னிக் கொடுத்த கழுத்துத் துணிதான் சுற்றியிருந்தது. வெட்கங்கெட்ட ஜனங்கள்.

அடித்தாள், இல்லை என்று யார் சொன்னது? பன்னிரண்டு வயதில் பெற்ற அப்பனை அடித்தாள். அந்த ஆள் குடித்துவிட்டு வந்து, அவள் அம்மாவை அடுப்புக்கு முன்னால் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். பின்னால் போய் இரும்புச் சட்டியால் மண்டையில் ஒன்று போட்டாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகு அந்த வீட்டில் கை ஓங்கவும் இல்லை. இருபது வயதில், கரை இறங்கிய டச்சு மாலுமி ஒருவன் வழியில் அவள் இடுப்பைத் தொட்டான். முதுகில் விறகுக்குப் பதில் எரிக்க எரிமண் கூடை, இடுப்புப் பட்டையில் செருகிய ஊசி, கையில் பாதி முடிந்த காலுறை, பின்னிக்கொண்டே நடந்தவள் ஊசியைக்கூடக் கழற்றவில்லை. முழங்கையால் ஒரே இடி. முன்பல் இரண்டும் மணலில் விழுந்தன. அடுத்த கண்ணியை எடுத்துப் பின்னிக்கொண்டே அவள் பாட்டுக்குப் போனாள்.

அதே கைதான் சால்வையும் பின்னியது. ஆறடிக்கு ஆறடி சால்வை, கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்தால் மறுபக்கம் வந்துவிடும். நூலும் அவளே நூற்றது, சாயமும் அவளே போட்டது. கடற்பாறைகளில் அப்பிக்கிடக்கும் கல்பாசியைக் கரண்டியால் சுரண்டி, இடித்து, மாட்டுக்கொட்டில் வாசலில் வைத்திருக்கும் பழைய மூத்திரத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் ஊதா இறங்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும், நிறம் கண்ணைப் பிடுங்கும். புளிப்பு பட்டால் அந்த ஊதா சிவந்துபோகும். மறுபடி மூத்திரத் தொட்டியில் முக்கினால் பழையபடி ஊதா. இது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்களுக்கு எங்கே தெரியப்போகிறது? அந்தத் தொட்டியை நிரப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது.

அவளைக் கட்டியவன் கில்பர்ட், பரம சாது. "இவளை எப்படிடா சமாளிக்கிறே?" என்று படகில் கேட்பார்கள். "நான் எங்கடா சமாளிக்கிறேன்? அவ என்னை அடிக்கறதில்லே, அவ்வளவுதான்" என்பான். நாலு வருஷம் சந்தோஷமாக இருந்தார்கள். ஒரு ஜூலைப் புயலில் அவன் போன ஆறு துடுப்புப் படகு திரும்பவில்லை. ஒரு துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது. ஓஸ்லா அதை வீட்டுக்குத் தூக்கிவந்து சுவரோரம் சாய்த்துவைத்தாள். மூன்று நாள் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் போனால் எங்கள் தீவில் வீடும் போகும். நிலம் பண்ணையாருடையது. வீட்டு ஆண் மீன் பிடித்துப் பண்ணையாருக்குப் போடுகிறவரைதான் குடியிருக்கலாம். எட்டாம் நாளே கில்பர்ட்டின் தம்பி ஜெரோம் வாசலில் வந்து நின்றான். எருமை மாதிரி ஆள். அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி மெரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இடது கண்ணுக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாக வீக்கம்.

"அண்ணி, எப்பக் காலி பண்றீங்க?" என்றான் ஜெரோம்.

"என் பொணம் போறப்ப."

"அதுக்கென்ன, அதுக்கும் ஒரு வழி பண்ணுவோம்" என்று சிரித்தான்.

குளிர்காலம் முழுக்க ஓஸ்லா நூல் நூற்றாள். மே மாதம் பண்ணையாரின் காரியஸ்தர் ட்ரூப் மட்டக்குதிரையில் வந்தார். வந்தது வீட்டைக் காலி செய்யச் சொல்ல. ஆனால் வேறொன்றும் கையில் கொண்டுவந்திருந்தார். பண்ணையாரம்மா சர்ச்சில் ஓஸ்லாவின் கழுத்தில் ஊதாத் துணியைப் பார்த்துவிட்டாளாம். ஆகஸ்டில் மகளுக்குக் கல்யாணம். அதே ஊதாவில் ஒரு சால்வை வேண்டுமாம், மோதிரத்துக்குள் நுழைகிற சால்வை.

"கூலி வேண்டாம். என் ஆயுசுக்கு இந்த வீட்டை எழுதிக் குடுங்க" என்றாள் ஓஸ்லா.

ட்ரூப் மூக்கைச் சொறிந்தார். வேலியோரம் ஜெரோமும் அக்கம்பக்கமும் நின்று கேட்டுக்கொண்டிருக்க, உரக்கவே சொன்னார். "சரி. ஜூலை கடைசி சனிக்கிழமை மத்தியானம் வருவேன். சால்வை இருந்தா உன் பேருக்கு எழுதறேன். இல்லேன்னா வீடு ஜெரோமுக்கு. அப்புறம் அழக்கூடாது."

"அழறவ மூஞ்சியா இது?" என்றாள் ஓஸ்லா.

கோடையில் எங்கள் ஆண்கள் திங்கட்கிழமை ஆழ்கடலுக்குப் போனால் சனிக்கிழமைதான் வீடு வருவார்கள். ஐந்து நாள் தீவு பெண்களுடையது. சனிக்கிழமை படகுகள் தெரிந்ததும் சில வீடுகளில் சிரிப்பு கேட்கும், சில வீடுகளில் பேச்சே நின்றுபோகும். மெரன் வீடு இரண்டாவது ரகம்.

ஜூன் முதல் சனிக்கிழமை ஜெரோம் வேலையைத் தொடங்கினான். குளிர்காலத்தில் நூற்ற நூல் சால்வையின் முக்கால்வாசிக்குத்தான் போதும். மிச்சத்துக்கு ஓஸ்லா நம்பியிருந்தது வெள்ளைமூக்கி என்ற ஒரே ஓர் ஆட்டை. அதன் கழுத்து மயிர் அவ்வளவு மெலிசு. கத்தரிக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். ஜெரோம் அந்த ஆட்டைக் காலைக் கட்டித் தூக்கிப் பாறை விளிம்பிலிருந்து கடலுக்கு எறிந்தான். இரண்டு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள், பெரிய மனிதர்கள்.

ஓஸ்லா கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் இறங்கினாள். ஆடு கற்களுக்கிடையில் கழுத்து முறிந்து கிடந்தது, காலில் ஜெரோமின் படகுக் கயிறு. அலை முழங்காலில் அடிக்க, அங்கேயே உட்கார்ந்து கழுத்து மயிர் முழுவதையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி, நேராக ஜெரோம் வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரத்தமும் உப்புத் தண்ணீருமாக ஒழுகும் ஆட்டை அவன் தட்டின்மேல் தொப்பென்று போட்டாள்.

"சாப்பிடுடா. வயிறு நிறையத் தின்னு."

அவன் எழுந்த வேகத்தில் மேஜை கவிழ்ந்தது. அவளைக் கன்னத்தில் அறைந்து சுவரோடு தள்ளினான். அவள் அடுப்புக்கு மேலே சட்டி மாட்டும் சங்கிலியில் தொங்கிய கொக்கியைப் பிடுங்கி அவன் காதோரம் வீசினாள். காது மடல் இரண்டாகக் கிழிந்தது. அக்கம்பக்கத்தார் வந்து இருவரையும் பிரிக்கும்போது மெரன் மூலையில் உட்கார்ந்து தன் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள். அன்று ஓஸ்லாவிடம் காட்ட முடியாத கோபம் எல்லாம் பிறகு யார்மேல் இறங்கியது என்று சொல்ல வேண்டுமா?

ஓஸ்லா நூற்றாள், தொட்டியில் முக்கினாள், பின்னினாள். வலது ஊசி இடுப்புப் பட்டையின் தோல் திண்டில் செருகியிருக்கும். வலது ஆள்காட்டி விரல் நூலை எறிந்துகொண்டே இருக்கும், கண் பார்க்காமலே. ஜூலை பிறந்தபோது நடுப்பகுதி முடிந்து, சுற்று ஓரத்தில் பாதிக்கு வந்திருந்தாள். சுற்றிலும் பல் பல்லாக வைத்துப் பின்னும் அந்த ஓரத்தின் மறுபாதி மட்டும்தான் பாக்கி.

ஜூலை முதல் சனிக்கிழமை மேட்டில் எரிமண் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெரோம் கடலிலிருந்து நேரே அங்கேதான் வந்தான். பேச்சுக்கு முன்னால் மண்வெட்டிக் கட்டை அவள் முதுகில் விழுந்தது. குப்புற விழுந்தவளின் வலது மணிக்கட்டில் ஒரு காலை வைத்தான்.

"நூல் எறியற விரல் எது அண்ணி? இதுவா?"

மற்ற காலின் பூட்ஸ் குதிகாலை விரல்கள்மேல் வைத்துத் திருகினான். காய்ந்த கருவாட்டை ஒடிக்கிற சத்தம், இரண்டு முறை. அவள் கத்தவில்லை. தலையைத் திருப்பி அவன் கெண்டைக்காலைக் கவ்வினாள். கம்பளிக் காலுறையோடு சதையும் வாயில் வந்தது. அவன்தான் கத்தினான், ஊரே கேட்கும்படி. நொண்டிக்கொண்டே கீழே இறங்கும்போது, "இப்பப் பின்னுடி பார்ப்போம்!" என்றான்.

வீட்டுக்கு வந்து, கில்பர்ட்டின் துடுப்பில் சிம்பு பெயர்த்து வைத்து விரல்களைக் கட்டிக்கொண்டாள். ஞாயிறு முழுக்க முயன்றாள். நூல் நிற்கவில்லை. நடுவிரலால் எறிந்து பார்த்தாள், இடது கையால் எறிந்து பார்த்தாள். ஒவ்வொரு கண்ணியும் நழுவியது. நூல் எச்சிலிலும் கண்ணீரிலும் நனைந்ததுதான் மிச்சம். ஆமாம், அழுதாள். அழறவ மூஞ்சியா என்று கேட்டவள், மூக்கு ஒழுக அழுதாள். வீடு போகிறது என்று அன்றுதான் அவளுக்கு முதல் தடவையாகப் பட்டது.

திங்கட்கிழமை படகுகள் போன பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு மெரன் வந்தாள். உதடு பிளந்து, மேல்வரிசையில் ஒரு பல் புதிதாகக் காணாமல் போயிருந்தது. பாவாடைமேல் கட்டிய முன்துணிக்கு அடியில் தன் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நகருங்க அக்கா. ஊசியைக் குடுங்க."

"எதுக்குடி?"

"ஓரம் நான் பின்றேன்."

ஓஸ்லா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இது முடிஞ்சா உங்களுக்கு இந்த வீடு கிடைக்காது. தெரியுமில்லே?"

"கிடைச்சா எனக்கா கிடைக்கும்? அவனுக்கு. என்னை அடிக்க இன்னும் ரெண்டு ரூம்."

ஓஸ்லா நகர்ந்தாள்.

மூன்று வாரம் திங்கள் முதல் வெள்ளிவரை மெரன் வந்தாள். கை நல்ல கைதான், ஆனால் பயந்த கை. ஒவ்வொரு கண்ணியையும் யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல இறுக்கிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து ஓஸ்லா திட்டிக்கொண்டே இருப்பாள்.

"இறுக்காதேடி! சால்வையா பின்றே, படகுக் கயிறா?"

"சரி அக்கா."

"சரி சரின்னு சொல்றே, மறுபடி இறுக்கறே. உன் அம்மா உன்னைக் கட்டிப்போட்டா வளர்த்தா?"

"சரி அக்கா."

சனிக்கிழமைகளில் ஜெரோம் வந்து வேலிக்கு வெளியே நின்று, ஓஸ்லாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவான். சால்வை பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

கடைசி வெள்ளிக்கிழமை சால்வையை அலசி, உடைந்த கப்பல் பலகைகளில் செய்த சட்டத்தில் பல் பல்லாக இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். சனிக்கிழமை காலை காய்ந்து விறைத்து நின்றது. ஊதா என்றால் அப்படி ஒரு ஊதா. காரியஸ்தருக்குக் குடிக்கக் கொடுக்க, எங்கள் வழக்கப்படி ஒரு சின்னப் பீப்பாய் புளித்த மோர்த்தெளிவை ஓஸ்லா வாசலில் எடுத்து வைத்தாள். மெரன் சட்டத்தின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காற்று சாதகமாக இருந்துவிட்டது. படகு சீக்கிரம் வந்துவிட்டது.

வேலியைத் தாண்டி வந்த ஜெரோம் முதலில் சால்வையைப் பார்த்தான். பிறகு சட்டத்தருகில் நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் இடுப்புப் பட்டையைப் பார்த்தான்.

"ஓஹோ," என்றான். "வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு இங்கே வந்து எனக்குக் குழி வெட்டறியா?"

அவள் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துத் தரையில் இழுத்தான். வயிற்றில் ஓர் உதை, விலாவில் ஓர் உதை. ஓஸ்லா அவன் முதுகில் பாய்ந்தாள். ஒரு கைதானே அவளுக்கு. அவளை உதறி எறிந்துவிட்டு, பீப்பாயைத் தூக்கி மோர் முழுவதையும் சால்வைமேல் வீசினான்.

ஊதா கண் முன்னால் செத்தது. வழிந்த இடமெல்லாம் சிவப்பு பரவியது, திட்டுத் திட்டாக, அம்மை போட்ட உடம்பு மாதிரி. பீப்பாயைக் கீழே போட்டுவிட்டு ஜெரோம் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் அவனுக்கு அது போதவில்லை. மீன் கத்தியை உருவி, சால்வையைக் கிழிக்க வசதியாக இடது கையைச் சட்டத்தில் ஊன்றினான்.

ஓஸ்லா தன் இடுப்புப் பட்டையில் பழக்கத்தில் செருகியிருந்த எஃகு ஊசியை இடது கையால் உருவினாள். அவன் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், சதையோடு சேர்த்துப் பலகைக்குள் இறக்கினாள். இறக்கி, உள்ளங்கையால் அடித்து இன்னும் இறக்கினாள். கத்தி கீழே விழுந்தது. ஜெரோம் ஊளையிட்டான்.

"ஊசியை எடுடி! எடுடி!"

"நீ என் விரலை ஒடிச்சப்ப நான் கெஞ்சினேனா?" என்றாள் ஓஸ்லா.

அவன் மற்ற கையால் அவள் குரல்வளையைப் பிடித்தான். பிடி இறுகி அவள் கண் மேலே போனது. அப்போதுதான் மெரன் எழுந்தாள். தரையில் கிடந்த வெறும் பீப்பாயை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் இறக்கினாள். வாழ்நாளில் அவள் யாரையும் அடித்ததில்லை. முதல் அடி என்பதால் அளவு தெரியவில்லை, மிகப் பலமாக விழுந்தது. அவன் மூக்கு பக்கவாட்டில் போயிற்று. முழங்கால் மடிந்து, ஊசியில் தொங்கிய கையோடு சட்டத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ கடவுளே" என்ற குரல் கேட்டு இருவரும் திரும்பினார்கள். மட்டக்குதிரைமேல் ட்ரூப். மத்தியானமாகிவிட்டிருந்தது.

அவர் ஜெரோமைப் பார்க்கவில்லை, சால்வையைத்தான் பார்த்தார். காரியஸ்தர் புத்தி. "போச்சா? இதை எப்படிம்மா அந்தம்மாகிட்ட காட்டறது?"

"ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்றாள் ஓஸ்லா. குரல் கரகரத்தது. சால்வையை அவிழ்த்துக் கொட்டில் வாசலுக்குக் கொண்டுபோய் மூத்திரத் தொட்டியில் முக்கினாள். ட்ரூப் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். வெளியே எடுத்தபோது சால்வை ஒரு திட்டு இல்லாமல் ஊதாவாக வழிந்தது. ஜெரோம் உடைந்த மூக்கோடு அதைப் பார்த்த பார்வைக்காகவே இந்தக் கதையைச் சொல்லலாம். ஓடையில் சோப்புப் போட்டு மூன்று முறை அலசி வந்தாள். ட்ரூப் தன் மோதிரத்தைக் கழற்றி அதற்குள் இழுத்துப் பார்த்தார். வந்தது.

"பேச்சு பேச்சுதான்" என்று சேணத்துப் பையிலிருந்து காகிதமும் மையும் எடுத்தார். "ஓஸ்லா. ஆயுசு வரைக்கும்."

இதற்குள் ஜெரோமோடு கரை இறங்கிய படகுக்காரர்கள் வந்து ஊசியைப் பிடுங்கி ஜெரோமை விடுவித்திருந்தார்கள். கையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தவன், "மெரன், நட வீட்டுக்கு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அந்த மெதுவுக்கு மெரனின் முகம் வெளுத்தது.

அவள் ட்ரூப்பைப் பார்த்தாள். அவர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே, "புருஷன் பெண்டாட்டி விஷயம், நான் தலையிட மாட்டேன். போம்மா" என்றார். மெரன் இடுப்புப் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள். அவனோடு போய்விடப்போகிறாள் என்று ஓஸ்லாவுக்குத் தெரிந்தது. இன்றைக்குப் போனால் திங்கட்கிழமை வரை உயிரோடு இருக்கமாட்டாள் என்பதும் தெரிந்தது.

"அவ பேரையும் எழுதுங்க" என்றாள்.

"என்ன?"

"வீட்டுக்கு ரெண்டு பேரு. ஓஸ்லா, மெரன். யாரு கடைசியா சாகறாளோ அதுவரைக்கும். பேரு இருந்தா இது அவ வீடு, யாரும் இழுத்துட்டுப் போக முடியாது."

"விளையாடறியா? ஒரு சால்வைக்கு ஒரு பேருதான் பேச்சு. அதிகம் பேசினா இதுவும் கிடையாது."

ஓஸ்லா சால்வையின் ஓரத்தில் கடைசி முடிச்சைத் தேடி எடுத்தாள். விரல்தான் உடைந்திருக்கிறதே, பல்லால் கடித்து அறுத்தாள். நூல் நுனியை வாயில் கவ்வி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தாள். ஓரம் படபடவென்று பிரிந்தது. ஒரு பல் போயிற்று.

"அக்கா!" என்று அலறினாள் மெரன். அவள் பின்னிய பல் அது.

"ஏய், ஏய்! என்ன பண்றே?" ட்ரூப் குதித்து இறங்கினார்.

ஓஸ்லா நூலை இடது கையில் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். இரண்டாவது பல். "இதுல பாதி ஓரம் அவ பின்னினது. அவ இல்லேன்னா இதுவும் இல்லே. இந்த வீடும் எனக்கு வேண்டாம், பாறையடியில போய்ப் படுத்துக்கறேன். நீங்க நூல் உருண்டையைக் கொண்டுபோய் அந்தம்மாகிட்ட குடுங்க." மூன்றாவது பல் பாதி பிரிந்தது. நாலு வருஷம் கில்பர்ட்டோடு வாழ்ந்த வீடு அந்த நூலில்தான் பிரிந்துகொண்டிருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

ட்ரூப் அவள் முகத்தைப் பார்த்தார். ஜெரோமின் மூக்கைப் பார்த்தார். சால்வையைக் கல்யாணத்துக்கு ஏற்றிப்போகச் சாயங்காலம் புறப்படும் கப்பலை நினைத்தாரோ, பண்ணையாரம்மாவை நினைத்தாரோ, "நிறுத்தும்மா தாயே, எழுதறேன்!" என்றார். எழுதினார். மெரனின் பெயரை உரக்கப் படித்தும் காட்டினார்.

ஜெரோம் ஒரு அடி முன்னால் வைத்தான். படகுக்காரர்களில் யாரும் அவன் பக்கம் நகரவில்லை. மெரன் கீழே கிடந்த ஊசியை எடுத்து, ரத்தத்தை முன்துணியில் துடைத்து, அவிழ்த்த இடுப்புப் பட்டையை மறுபடி கட்டி, அதில் செருகினாள். அவன் நின்றுவிட்டான்.

பிரிந்ததைத் திரும்பப் பின்னியாக வேண்டும். மெரன் வாசல் கல்லில் உட்கார்ந்தாள். உதட்டில் ரத்தம், விலாவில் வலி, மூச்சு இழுக்க முடியவில்லை. ஈர நூல் வேறு. ட்ரூப் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஜெரோம் வேலியருகே நின்று முறைத்துக்கொண்டிருந்தான். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கண்ணி கண்ணியாக ஏறியது.

ஓஸ்லாவால் சும்மா இருக்க முடியுமா? தோளுக்குமேல் எட்டிப்பார்த்தாள்.

"இறுக்காதேடி. மறுபடி இறுக்கறே பாரு."

"வாயை மூடுங்க அக்கா" என்றாள் மெரன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் பல் போயிருக்கும். ஓஸ்லா வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.